சாய்ந்து நின்றவரின் கார்

போன ஆடி மாசம், கண்ணைத் திறக்கவிடாமல் தூசிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கடை வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. பின்னால் இருந்தது இரண்டே இரண்டு கார் சீட்டு. அதைச் சாக்கு போட்டு மூடி, கயிறு கட்டி, ஏதோ உற்சவர் சிலையை இறக்குவதுபோல இரண்டு பேர் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். கூட வந்தவர் பித்தளைப் பாத்திரக்கடை அண்ணன். எனக்குப் பல வருஷப் பழக்கம், அவர் வீட்டு இன்னோவாவுக்கு நான்தான் சீட் கவர் போட்டேன்.

"என்னண்ணே, கட்டை வண்டிக்குக் குஷனா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "தம்பி, இது ஹெரால்டு. ஸ்பெஷல் பாடி. யார் வச்சிருந்த வண்டி தெரியுமா?" என்று சொல்லி ஒரு நடிகர் பெயரைச் சொன்னார். அறுபதுகளில் மதுரையில் அவர் படம் ரிலீசானால் தியேட்டர் வாசலில் போலீஸ் நிற்கும், அந்த அளவு நடிகர். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

எங்கள் கடையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். தாத்தா ஜட்கா வண்டிக்கு மெத்தை தைத்தவர், அப்பா அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் தைத்தார், நான் சீட் கவர், மேட், ஸ்டீயரிங் உறை என்று காலத்தை ஓட்டுகிறேன். 2012-ல் சுப்ரீம் கோர்ட் கார் கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதோடு வருமானத்தில் ஒரு பெரிய துண்டு போயிற்று. அதிலிருந்து யாராவது பழைய வண்டி என்று வந்தால் லாபம் பார்க்காமல் எடுத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், அப்பாவிடம் கற்றுக்கொண்ட வேலை மறந்துபோகாமல் இருக்கட்டுமே என்றுதான்.

ஹெரால்டு எனக்குத் தெரிந்த வண்டி, ஆனால் இந்தச் சீட்டு ஹெரால்டு சீட்டு இல்லை. கம்பெனிச் சீட்டில் இரும்புக் குழாய் ஃபிரேம் இருக்கும், அடியில் முன்னே பின்னே தள்ளும் ரெயில் இருக்கும். இதில் ஒட்டுப்பலகை அடித்தளம், சுற்றிலும் தேக்குச் சட்டம், உள்ளே தேங்காய் நார், அதன் மேல் பருத்தி, மேலே மூன்று தலைமுறை ரெக்சின். ரெயிலே கிடையாது. எனக்கு நாக்கு ஊறிவிட்டது. வண்டியைப் பார்க்கணுமே அண்ணே என்றேன்.

நாகமலை புதுக்கோட்டையில் அவர் போட்டிருந்த ஷெட்டில் நின்றது. முதல் பார்வையிலேயே ஒன்று சொல்லிவிடலாம்: இதைச் செய்தவன் படம் பார்த்துச் செய்தவன் இல்லை, கையில் வளைவு உள்ளவன். இரண்டு ஆள் மட்டும் உட்காரும் திறந்த வண்டி. முன்னால் ஹெரால்டின் மூஞ்சி அப்படியே இருக்கிறது, கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாமே வேறு. கதவின் மேல்விளிம்பு டிரைவர் முழங்கை வைக்கிற இடத்தில் லேசாகக் குழிந்து, பின் மட்கார்டில் மறுபடி எழும்பி, வாலில் போய் அடங்குகிறது. நல்ல சந்தனக் கும்பாவின் விளிம்பைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி. பாத்திரக்கடைக்காரர் இதில் மயங்கியது ஆச்சரியமே இல்லை.

ஹெரால்டை ஏன் இப்படி வெட்டி ஒட்ட முடிந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-ல் வாங்கிவிட்டது. சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் இல்லாமல் மொத்தப் பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. சரி, பழைய முறைக்கே போவோம் என்று தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக அங்கங்கே அடித்து வாங்கி போல்ட் போட்டு முடுக்கினார்கள். வடிவம் கொடுத்தவர் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1959-ல் அங்கே வந்தது, 1961-லிருந்து நம் மெட்ராசில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் ஓடியது. 948 சிசி எஞ்சின். பானெட்டைத் திறந்தால் முன் மட்கார்டு இரண்டும் சேர்ந்து முதலை வாய் திறப்பதுபோல முன்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், நம் மாசி வீதிகளுக்கென்றே செய்த மாதிரி. கூரைகூட போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றினால் திறந்த கார். மூக்கை அடைத்ததால் வாயால் மூச்சுவிட்ட கதைதான், ஆனால் அதனால்தான் அதே உறுப்புகளைக் கொண்டு கம்பெனியே 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் இறக்க முடிந்தது.

ஹெரால்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 91½ அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83. அண்ணன் ஷெட்டில் டேப் பிடித்துப் பார்த்தேன், 85-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ தகடு அடித்து வளைக்கிற ஒரு டிங்கர் மேஸ்திரி சேஸிஸை அறுத்து, ஆறே முக்கால் அங்குலம் எடுத்துவிட்டு, உள்ளே தகடு கொடுத்து ஒட்டி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கியிருக்கிறார். இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் நான் அந்த வண்டியில் ஏறமாட்டேன். ஆனால் அந்த ஒட்டு அறுபது வருஷமாக விடவில்லை.

வண்டி கிடைத்தது சோழவந்தான் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில் குடோனில். உமி ஈரத்தை இழுத்து இழுத்துத் தரை முழுக்கத் துருவாகி, கால் வைக்கிற இடத்தில் கால் நேரே பூமியில் நின்றதாம். மில்லின் இப்போதைய தலைமுறைக்கு அந்த வண்டி எப்படி வந்தது என்றே தெரியவில்லை. கையில் இருந்தது 1979-ல் வாங்கிய டூப்ளிகேட் ஆர்.சி. புத்தகம். அதில் முந்தைய ஓனர்கள் பெயர் இல்லை. பாடி: திறந்தது, இருக்கை: 2 என்று மட்டும் இருக்கிறது. கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கொடைக்கானல் போலத் தெரிகிற ஒரு இடத்தில், பின்னால் கல் சுவர், அந்த நடிகர் ஸ்வெட்டர் போட்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டு, இதே வண்டியின் பானெட்டில் சாய்ந்து நிற்கிறார். இதே வண்டி என்பதில் சந்தேகமே இல்லை, கதவுக் குழிவு அப்படியே தெரிகிறது.

படம் போதுமே. அண்ணன் ஷெட்டில் அதைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் வண்டி. செல்ஃபிகூடப் படத்தோடுதான். டீ கொண்டு வருகிற பையன், "எங்க தாத்தா இந்த வண்டிய தங்கம் தியேட்டர் வாசல்ல பாத்திருக்காராம்" என்று ஒரு நாள் சொன்னான். அடுத்த வாரம் அதே தாத்தா வண்டியைத் தொட்டே பார்த்திருந்தார்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம். யாருடைய வண்டி என்று எல்லோரும் கேட்கிறார்கள், யார் செய்த வண்டி என்று ஒருத்தர் கேட்கவில்லை. வெளிநாட்டில் பெரிய பெரிய கார்களின் சரித்திரத்தில் இரண்டும் சேர்ந்துதான் வரும். இத்தாலிய இயக்குநர் ராபர்ட்டோ ரோசெல்லினியை எடுத்துக்கொள்ளுங்கள், ஐம்பதுகளின் கடைசியில் இந்தியாவுக்கு வந்து படம் எடுத்தாரே, அவர்தான். அவருக்கு ஃபெராரிப் பைத்தியம். பினின்ஃபரினா பாடி போட்ட 375 எம்.எம். என்கிற மாடல் ஒன்று வைத்திருந்தார், திறந்த வண்டி. அது அடிபட்டதும் மொடேனாவில் ஸ்காலியெட்டியிடம் கொடுத்து, கூரை வைத்த புது பாடி கட்டிக்கொண்டார். அண்ணன் வண்டிக்குக் கூரை போயிற்று, அந்த வண்டிக்குக் கூரை வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஃபெராரியை ஒரு அமெரிக்கர் வாங்கிப் புதுப்பித்து, 2014-ல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சிக்குக் கொண்டுபோய் முதல் பரிசு வாங்கினார். ஒரு ஃபெராரி அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்த வண்டியைச் சொல்லும்போது ரோசெல்லினி பெயரோடு ஸ்காலியெட்டி பெயரையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள். அவரும் மணல் மூட்டை மேல் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து, கண்பார்வையிலேயே வளைவு எடுத்த பட்டறைக்காரர்தான். நம் மேஸ்திரிக்கும் அவருக்கும் இடையில் இருப்பது ஒரு பெயர்ப்பலகை, அப்புறம் சம்பளம்.

நம் ஊரில் இந்தத் தொழிலுக்குப் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. 1840-ல் தொடங்கிய மெட்ராஸ் சிம்ப்சன் குதிரை வண்டி கட்டியே வளர்ந்த கம்பெனி. இங்கே மதுரையில் டி.வி.எஸ். 1911-ல் தொடங்கி, பஸ் ஓட்டியே பெரிதானது. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் ரோல்ஸ் ராய்ஸே சேஸிஸும் எஞ்சினும்தான் விற்றது, பாடியை வாங்குகிறவர் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கம்பெனிக்குப் பெயர் இருந்தது, தகடு அடித்த கைக்கு இல்லை. என் தாத்தா பெயரும் எந்த ஜட்காவிலும் இல்லை என்பதால் கொஞ்சம் சொந்தக் கோபமும் இதில் கலந்திருக்கலாம்.

சரி, வண்டிக்கு வருகிறேன். அண்ணன் ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து ஒரு டிங்கர் பிடித்திருந்தார், நல்ல வேலைக்காரர். பெயின்டைத் தேய்க்கத் தேய்க்க மேலே வெள்ளை, அதன் கீழே சிவப்பு, அதற்கும் கீழே கரும்பச்சை என்று மரத்தின் வளையம்போல ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே சில இடங்களில் அரை அங்குலத்துக்குப் பட்டி, அதாவது பள்ளத்தை மறைக்க அப்புகிற பசை. பச்சைக்குக் கீழே பட்டியே இல்லை, நேரே தகரம். தகரத்தில் சுத்தியல் தழும்பு சின்னச் சின்ன அம்மைத்தழும்பு மாதிரி வரிசை வரிசையாக இருந்தது. இணைப்புகளில் கேஸ் வெல்டிங் வைத்து, மேடு பள்ளத்தைக் காரீயம் ஊற்றி நிரவி, அரம் போட்டு இழைத்திருக்கிறார்கள். பின் மட்கார்டில் தகடு உப்பிய இடத்தைச் சூடுபோட்டு ஈரத்துணி வைத்துச் சுருக்கிய நீலத் தடம்கூட உள்பக்கம் அப்படியே இருந்தது. எங்கள் டிங்கர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்குக் கொட்டாப்புளியப் பிடிச்ச கையிலயே கண்ணு இருந்திருக்குண்ணே" என்றார். தரைத் தகடு, கதவின் அடிப்பகுதி, ஸ்டெப்னி வைக்கிற குழி, இவை மட்டும் புதுசு. ரப்பர், பிரேக் சாமான் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கூரியரில் வந்தது. ஸ்பிட்ஃபயரை 1980 வரை செய்ததால் இன்னும் கிடைக்கிறது.

நடுவில் ஆர்.டி.ஓ. விவகாரம். 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டியிருந்தால் வின்டேஜ் என்று பதியலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். அண்ணனுக்கு அந்த எழுத்தின் மேல் ஒரே ஆசை. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. ஏஜென்ட் வண்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எந்த மாற்றம் இந்த வண்டியை அபூர்வமாக்கியதோ அதே மாற்றம்தான் குறுக்கே நிற்கிறது. அந்த மாற்றத்துக்கே அறுபது வயசு ஆகப்போகிறது, அதற்கு ஒரு மரியாதை இருக்கக் கூடாதா? தெருவில் புல்லட் சைலன்சரைப் பிடுங்கிப் போட்டு ஊரை எழுப்புகிற பையன்களுக்காக எழுதிய சட்டத்துக்கும் இதற்கும் ஒரே தராசா? ஏஜென்ட்டிடம் இதைச் சொன்னேன். "எல்லாஞ் சரிதாண்ணே, ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார்.

இப்போது சீட்டு. இதுதான் நான் சொல்லவந்த விஷயம்.

பழைய ரெக்சினைப் பிரித்து, நாரைக் கொட்டி, ஒட்டுப்பலகையைக் கவிழ்த்தால் அடியில் ஆசாரி பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறார். எல்லாம் அடி அங்குலக் கணக்கு. நடுவில் தமிழில் ஒரு வரி: "மொதலாளி தொடை 17". அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரெயில் ஏன் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆளை உட்காரவைத்து அளவெடுத்து, அவர் காலுக்கு கிளட்ச் எட்டுகிற இடத்தில் சீட்டை நிரந்தரமாக முடுக்கியிருக்கிறார்கள். சட்டை தைக்கிற மாதிரி கார்!

சீட்டைக் கொண்டுபோய்ப் பழைய ஓட்டையிலேயே முடுக்கி நான் ஏறி உட்கார்ந்தேன். நான் ஐந்தடி ஒன்பது. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது, கிளட்சை மிதித்தால் தொடை மேலே தூக்கிக்கொண்டது. கடைப் பையன் ஐந்தடி இரண்டு, அவனை ஏற்றினேன். கச்சிதம். கதவுக் குழிவில் அவன் முழங்கை போய்த் தானாக உட்கார்ந்தது.

அந்த நடிகர் என்னைவிட உயரம். படங்களில் கதாநாயகி அவர் தோளுக்குக் கீழேதான் நிற்பார்.

டிரைவர் ஓட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் டிரைவர் தொடையை அளந்து யாராவது முதலாளி தொடை என்று எழுதுவானா? இடது சீட்டோ இதைவிட ஒடுக்கம், அதோடு இரண்டு அங்குலம் உசரம். அந்த உசரம் எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் ஆசாரி, "பிசகிப்போச்சு போலண்ணே, சீவி லெவல் பண்ணிரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இவ்வளவு அளந்து செய்தவர்கள் அதில் மட்டும் பிசகியிருப்பார்களா?

அண்ணனிடம் எப்படிச் சொல்வது? ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் பலகையையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். படித்தார். படத்தை ஒரு தடவை பார்த்தார். "தம்பி, உட்காரலைன்னாலும் சாஞ்சிருக்காருல்ல" என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சாய்ந்தவரெல்லாம் ஓனர் என்றால் புதுமண்டபத்துத் தூண் ஒவ்வொன்றும் மதுரையில் பாதிப் பேருக்குச் சொந்தம். இதைச் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன். அவர் நல்ல மனுஷர், துருப்பிடித்த தகரத்துக்கு வீட்டுக்காரம்மா திட்டத் திட்டச் செலவு செய்தவர்.

அப்புறம் அவருக்கே ஒரு சிக்கல் வந்தது. அவரும் உயரம். ரெயில் போட்டு மூணு அங்குலம் பின்னால் தள்ளித் தா என்றார். நான் முடியாது என்றேன். பேச்சு கொஞ்சம் சூடாகி, நாலைந்து நாள் போன் இல்லை. பிறகு அவரே வந்து, "நம்ம கடைக் கணக்குப்பிள்ள சின்ன உருவந்தான், ஓட்டத் தெரியும், அவன் ஓட்டட்டும்" என்றார். நான் நாரையும் பருத்தியையும் புதுசாக வாங்கி, அதே அளவில் வைத்துத் தைத்தேன். ரெக்சின் வேண்டாம் என்று தோலுக்குப் போனோம், பிஸ்கட் கலர். பைப்பிங் மட்டும் கரும்பச்சை. பென்சில் எழுத்தின் மேல் படாமல் பலகைக்கு ஓரத்தில் மட்டும் வார்னிஷ் அடித்தேன்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் பூஜை. வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தெரு முனை வரை ஓட்டித் திரும்பினார்கள். கூட்டம். அன்றைக்கு எங்கள் டிங்கர் ஒரு பெரியவரைக் கூட்டி வந்திருந்தார். செல்லூர்க்காரர், எண்பதுக்கு மேல் இருக்கும், ஒரு கண்ணில் புரை. சின்ன வயசில் ஒரு பாடிப் பட்டறையில் எடுபிடியாக இருந்தவர், இப்படி ஒரு வண்டி செய்த ஞாபகம் இருக்கிறது என்று சொன்னாராம். இந்த மாதிரி ஞாபகங்களை நான் நம்புவதில்லை, டீக்கடைத் தாத்தா புண்ணியம். ஆனால் இவர் படத்தைப் பார்க்கவே இல்லை. நேரே பின் மட்கார்டுக்குப் போய்க் குனிந்து, உள்பக்கம் கையை விட்டுத் துழாவினார். "இங்கிட்டு வைக்கையில கேஸ் தீந்துபோச்சு. சிலிண்டர் வர ரெண்டு நா ஆச்சு. ரெண்டு ஒட்டும் ஒண்ணா இருக்காது, பாருங்க." டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒட்டு ஒரு இடத்தில் மாறியிருந்தது.

நான் இடது சீட்டைக் காட்டி, இது ஏன் தாத்தா உசரமா இருக்கு என்று கேட்டேன்.

"மில்லு மேனேசரு சம்சாரம் ஏறணும்ல. பட்டுச்சேலையோட அம்புட்டுப் பள்ளத்துல எப்பிடி இறங்கும்? அந்தம்மாவ ஸ்டூல்ல உக்கார வச்சு எங்க மேஸ்திரி பாத்தாரு. மேனேசரு குட்டையா இருப்பாரு, நல்ல மனுசன், தீவாளிக்கு எனக்கு வேட்டி குடுத்தாரு."

அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். படத்தைக் காட்டி, "அப்ப இவரு?" என்றார். பெரியவர் நல்ல கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "சூட்டிங்குக்குக் குடுத்து விட்டிருப்பாக" என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கே திரும்பினார். மேஸ்திரி பெயரைக் கேட்டேன். பெயர் தெரியாது, மேஸ்திரின்னுதான் கூப்பிடுவோம் என்றார். கதவின் மேல்விளிம்பை அந்தக் குழிவு நெடுக உள்ளங்கையால் தடவினார். பிறகு விரலை மடக்கிக் கதவின் கீழ்ப்பக்கம் டொக் டொக் என்று தட்டினார், இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினார், சத்தம் மாறியது. எங்கள் டிங்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பட்டி போட்டிருக்கீக" என்றார் பெரியவர்.